கணமும் நாளும்: தரவுத்தளங்களில் நேரக்கூறு நீக்கத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தரவுத்தளத்தில் பதிவாகியுள்ள ஒரு கணத்திலிருந்து மணி, நிமிடம், நொடி ஆகியவற்றை நீக்கி நாளை மட்டும் பெறுவது கணினித்துறையில் மிக எளிய செயலாகக் கருதப்படுகிறது. நாள் எங்கே தொடங்குகிறது, எந்த ஊரில் தொடங்குகிறது என்னும் வழக்கத்தை முன்கூட்டியே ஏற்காமல் எக்கணத்தையும் நாளாகச் சுருக்க இயலாது என்பதையும், அவ்வழக்கம் வினவலின் சொற்களில் வெளிப்படாமல் மறைந்திருந்ததே நாற்பதாண்டுக் காலப் பிழைகளுக்குக் காரணம் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், போஸ்ட்கிரெஸ் ஆகிய மென்பொருள்களின் தேதித் தரவினங்கள் முதன்மைச் சான்றுகளாகின்றன. சூலியன் நாளெண், தமிழ் மாதப்பிறப்பு விதி, இலங்கையின் 1996-2006 நேரமாற்றம் ஆகியவை ஒப்புநோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தரவுத்தளம், தேதித் தரவினம், நேரக்கூறு, சூலியன் நாளெண், சங்கிரமணம், நேர மண்டலம், கல்வெட்டுத் தேதி

முன்னுரை

ஓர் ஆவணப் பதிவகத்தின் தரவுத்தளத்தில் '2007 மார்ச் 12 அன்று பதிவான ஆவணங்கள் எவை' என்று வினவப்படுவதாகக் கொள்வோம். அன்று நூறு ஆவணங்கள் பதிவாகியிருந்தும் விடையாக ஒன்றுகூட வாராது போகலாம். கணினி பிழை எதுவும் செய்யவில்லை. வினவியவர் 'மார்ச் 12' என்று எழுதியதை அது '2007 மார்ச் 12, 0 மணி 0 நிமிடம் 0 நொடி' என்று பொருள்கொண்டது. புலத்தில் இருந்தவையோ 10 மணி 14 நிமிடம், 11 மணி 52 நிமிடம் போன்ற கணங்கள். சரியாக நள்ளிரவில் பதிவான ஆவணம் ஒன்று இருந்திருந்தால் அது மட்டும் கிடைத்திருக்கும்.

தரவுத்தளங்களோடு பழகுவோர் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் இடர் இது. ஒவ்வொரு கணத்திலிருந்தும் நேரக்கூற்றை நீக்கிவிட்டு ஒப்பிடுக என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு. அத்தீர்வு எத்தனை வகையாகச் சொல்லப்பட்டது, ஏன் அத்தனை வகை தேவைப்பட்டது, ஒவ்வொன்றும் எதை நாள் என்று கொண்டது ஆகியவை காலக்கணக்கியலின் பழைய வினாக்களோடு நெருங்கிய தொடர்புடையவை.

தரநிலைக்கு முந்தைய நிலை

வணிகக் கணினியின் தொடக்கக் காலத்தில் நாளும் நேரமும் தனித்தனியாகவே இருந்தன. கோபால் மொழியில் ஆண்டு, மாதம், நாள் ஆகியவை ஆறு இலக்கங்களாக ஒரு கட்டளையாலும், மணி முதலியவை வேறொரு கட்டளையாலும் பெறப்பட்டன. இதில் ஒரு சிக்கல் இருந்தது. நள்ளிரவுக்குச் சற்று முன் நாளையும் சற்றுப் பின் நேரத்தையும் கேட்டுப் பெறும் நிரல், இரண்டையும் இணைக்கும்போது ஏறத்தாழ ஒரு முழு நாள் பின்தங்கிய கணத்தைத் தந்துவிடும். பன்னாட்டுத் தரநிலை நிறுவனமும் நாளை எழுதும் முறைக்கு ஒரு தரநிலை, நேரத்தை எழுதும் முறைக்கு வேறொரு தரநிலை என்றே 1970களில் வகுத்தது. இரண்டும் பிறவும் ஒன்றாக இணைந்து ஐஎஸ்ஓ 8601 ஆக வெளிவந்தது 1988இல்தான்.

இ. எஃப். காட் உறவுமுறைத் தரவு மாதிரியை 1970இல் முன்வைத்தார். அதன் வழிவந்த எஸ்க்யூஎல் மொழிக்கு 1986இல் அமெரிக்கத் தரநிலை அமைந்தபோது, எழுத்துகளுக்கும் எண்களுக்கும் தரவினங்கள் வகுக்கப்பட்டன. தேதிக்கு எதுவும் வகுக்கப்படவில்லை. சம்பளம், பங்கு, கடன், கையிருப்பு என எல்லாவற்றுக்கும் தேதி தேவைப்பட்ட வணிக உலகம் தரநிலைக்காகக் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தேதித் தரவினம் ஒன்றை உருவாக்கிக்கொண்டது. பின்னர் வந்த குழப்பங்களின் வேர் இந்த இடைவெளியில் உள்ளது.

ஆரக்கிள்: மறைந்திருக்கும் நேரம்

ஆரக்கிள் தன் தரவினத்துக்கு 'டேட்' என்று பெயரிட்டது. பெயர் நாளைக் குறித்தாலும் உள்ளே இருப்பது கணம். ஏழு பைட்டுகளில் நூற்றாண்டு, ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி ஆகியவை அமைகின்றன. மணி, நிமிடம், நொடி ஆகியவற்றுடன் ஒன்று கூட்டியே சேமிக்கப்படுவதால், நள்ளிரவு அங்கே மூன்று சுழிகளாக அன்றி மூன்று ஒன்றுகளாக நிற்கிறது.

இதைவிட முக்கியமானது வெளித்தோற்றம். இயல்பு அமைப்பில் ஆரக்கிள் இப்புலத்தைத் திரையில் காட்டும்போது நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றை மட்டுமே காட்டியது. இரு பதிவுகள் கண்ணுக்கு ஒரே தேதியாகத் தோன்றும். ஒப்பிட்டால் சமமல்ல என்று விடை வரும். தன்னிடம் உள்ளதைக் காட்டாத ஒரு தரவினத்தோடு ஒரு தலைமுறை நிரலாளர்கள் பணியாற்றினர் என்பது மிகையன்று. இதற்கு மாற்றாக ஆரக்கிள் தந்த 'டிரங்க்' என்னும் செயற்கூறு, கணத்தை அந்நாளின் நள்ளிரவுக்குப் பின்தள்ளியது. அதன் விடையும் அதே டேட் தரவினத்தைச் சேர்ந்தது. ஆகவே நேரம் உண்மையில் நீக்கப்படவில்லை. நள்ளிரவு என்னும் வேறொரு நேரம் அதன் இடத்தில் வைக்கப்பட்டது. இந்த நுட்பம் இக்கட்டுரையின் இறுதிப் பகுதியில் மீண்டும் தேவைப்படும்.

ஆரக்கிளில் 'ரவுண்ட்' என்னும் செயற்கூறும் உண்டு. டிரங்க் கீழ்நோக்கி வெட்டுவது. ரவுண்ட் அண்மையிலுள்ள நள்ளிரவுக்குக் கொண்டுசெல்வது. நண்பகலிலும் அதற்குப் பின்னும் நிகழ்ந்தவை ரவுண்டின்படி மறுநாளைச் சேரும். ஒரே மென்பொருளில் நாளின் எல்லை நள்ளிரவாகவும் நண்பகலாகவும் இருக்க முடிந்தது.

சைபேஸ் மரபு: இரண்டு எண்கள்

சைபேஸ் நிறுவனம் 1987இல் வெளியிட்டதும், பின்னர் மைக்ரோசாஃப்ட் தனதாக்கிக்கொண்டதுமான எஸ்க்யூஎல் சர்வர் வேறு வழியை மேற்கொண்டது. அதன் 'டேட்டைம்' தரவினம் எட்டு பைட்டுகளை இரு பாகமாகப் பிரித்தது. முதற்பாகம் 1900 ஜனவரி 1 முதல் கழிந்த நாள்களின் எண்ணிக்கை. இரண்டாம் பாகம் நள்ளிரவு முதல் கழிந்த நேரம், நொடியின் முந்நூற்றில் ஒரு பங்கு அலகில். நாளும் நேரமும் உள்ளே பிரிந்தே இருந்தும், அவற்றைத் தனித்தனியே கேட்டுப் பெற நேரடி வழி தரப்படவில்லை.

இத்தரவினத்தின் கீழெல்லை 1753 ஜனவரி 1. பிரித்தானியாவும் அதன் குடியேற்றங்களும் 1752 செப்டம்பர் 2ஆம் நாளுக்கு மறுநாளை 14 என்று கொண்டு கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறின. அந்தப் பதினொரு நாள் சிக்கலைத் தவிர்க்கவே மாற்றத்திற்கு அடுத்த ஆண்டு எல்லையாக வைக்கப்பட்டது. தமிழக வரலாற்றுத் தரவுகளைத் தொகுப்போருக்கு இது சிறு செய்தியன்று. முதலாம் இராசராசன் அரியணை ஏறிய 985ஆம் ஆண்டின் எந்த நாளையும் இத்தரவினத்தில் எழுதவே இயலாது. ஆரக்கிள் 1582 அக்டோபருக்கு முந்தைய நாள்களைச் சூலியன் நாட்காட்டியிலும், போஸ்ட்கிரெஸ் அதே நாள்களைப் பின்னோக்கி நீட்டிய கிரிகோரியன் நாட்காட்டியிலும் கொள்கின்றன. எனவே 985ஆம் ஆண்டின் ஒரு நாள், எழுத்து மாறாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்க்கப்பட்டால் ஐந்து நாள் விலகிவிடும்.

நேரக்கூற்றை நீக்க எஸ்க்யூஎல் சர்வரைப் பயன்படுத்தியோர் கண்ட வழிகள் பல. கணத்தை எட்டு இலக்க எழுத்துத் தொடராக மாற்றி மீண்டும் தேதியாக்குவது ஒன்று. 1900 ஜனவரி 1 ஆகிய சுழி நாளிலிருந்து எத்தனை நாள் கழிந்தது என்று எண்ணி, அத்தனை நாளைச் சுழி நாளுடன் கூட்டுவது மற்றொன்று. எழுத்தாக மாற்றும் சுமை இல்லாததால் தேர்ந்தவர்கள் இதையே விரும்பினர். கணத்தைப் பின்ன எண்ணாக்கிக் கீழ்நோக்கிய முழு எண்ணை எடுப்பது மூன்றாவது வழி. இந்த மூன்றாவதில் ஒரு பொறி உண்டு. கீழ்நோக்கி வெட்டாமல் நேரே முழு எண்ணாக மாற்றினால் எஸ்க்யூஎல் சர்வர் அண்மை எண்ணுக்குக் கொண்டுசெல்லும். பிற்பகலில் நிகழ்ந்தவை அனைத்தும் மறுநாள் கணக்கில் ஏறும். முற்பகல் பதிவுகளை மட்டும் கொண்டு சோதித்தவருக்கு இப்பிழை தென்படாது.

எல்லையின் மறுமுனையிலும் பிழை காத்திருந்தது. நேரத்தை நீக்காமல், '0 மணி முதல் 23 மணி 59 நிமிடம் 59.999 நொடி வரை' என்று கேட்பது பரவலாக இருந்தது. முந்நூற்றில் ஒரு பங்கு என்னும் அலகில் 59.999 என்பது இல்லை. அது அடுத்த நள்ளிரவாகத் திருத்தப்படும். நேரமின்றி நாள் மட்டும் உள்ளிடப்பட்ட பதிவுகள் யாவும் நள்ளிரவில்தான் நிற்கும் என்பதால், மறுநாளின் அத்தகைய பதிவுகள் முழுவதும் முந்தைய நாளின் கணக்கிலும் சேர்ந்துவிடும். 59.997 என்று எழுத வேண்டும் என்ற அறிவுரை ஒரு மரபுச் செய்தி போலக் கைமாறி வந்தது. தரவினம் மாறினால் அதுவும் பொய்யாகும்.

நண்பகலில் தொடங்கிய நாள்

நாளை எண்ணாகவும் நேரத்தை அதன் பின்னமாகவும் கொள்ளும் முறை கணினியின் கண்டுபிடிப்பு அன்று. சோசப் சுகாலிகர் 1583இல் 28, 19, 15 ஆகிய சுழற்சிகளைப் பெருக்கி 7980 ஆண்டுகள் கொண்ட சூலியன் காலச்சுற்றை வகுத்தார். அதன் தொடக்கம் கி.மு. 4713 ஜனவரி 1. சான் எர்ஷல் 1849இல் வெளியிட்ட வானியல் நூலில் இதைத் தொடர் நாளெண்ணாகப் பயன்படுத்திக் காட்டினார். ஆரக்கிளின் கீழெல்லையாகிய கி.மு. 4712 ஜனவரி 1 இந்தத் தொடக்கத்தையே குறிக்க எழுந்தது. வானியலார் சுழி ஆண்டு ஒன்றைக் கொள்வதால் ஆண்டெண்ணில் ஒன்று குறைகிறது.

சூலியன் நாளெண் நண்பகலில் மாறுகிறது. இரவெல்லாம் விழித்து வானை நோக்குபவருக்கு நள்ளிரவில் தேதி மாறுவது இடையூறு. ஓர் இரவின் நோக்கல் முழுவதும் ஒரே எண்ணின்கீழ் அமைய நண்பகல் எல்லை உதவியது. 1884 அக்டோபரில் வாசிங்டனில் கூடிய பன்னாட்டு நெடுவரை மாநாடு, உலகப் பொது நாள் முதன்மை நெடுவரையின் நள்ளிரவில் தொடங்க வேண்டும் என்றும், வானியல் நாளும் கப்பல் நாளும் அவ்வாறே அமைதல் நன்று என்றும் தீர்மானித்தது. வானியலார் இணங்க நாற்பதாண்டு ஆயிற்று. 1925 ஜனவரி 1 முதல்தான் வானியல் பஞ்சாங்கங்கள் நள்ளிரவுக்கு மாறின. அதற்கு முந்தைய கிரீனிச் நேரக் குறிப்புகளைப் படிப்பவர் 0 மணி என்பது நண்பகலா நள்ளிரவா என்று இன்றும் ஐயுற வேண்டியுள்ளது.

1957இல் ஸ்புட்னிக் ஏவப்பட்டபோது அதைப் பின்தொடர்ந்த சுமித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்தார், சூலியன் நாளெண்ணிலிருந்து 2400000.5 கழித்துச் சுருங்கிய எண்ணைக் கையாண்டனர். கழிக்கப்பட்ட அந்த அரை நாள், எல்லையை நண்பகலிலிருந்து நள்ளிரவுக்கு நகர்த்தியது. இன்று எஸ்க்யூலைட் மென்பொருளில் கணத்தைச் சூலியன் நாளெண்ணாகச் சேமிக்கலாம். ஆனால் அவ்வெண்ணின் பின்னத்தை நீக்கி நாளைப் பெற முயல்பவர் எர்ஷலின் நண்பகலில் போய் நிற்பார். அரை நாள் கூட்டிய பின்னரே வெட்ட வேண்டும்.

சங்கிரமணமும் மாதப்பிறப்பும்

கணத்தை நாளாகச் சுருக்கும் விதியைத் தமிழ் நாட்காட்டி மரபு வெளிப்படையாகவே வகுத்து வைத்துள்ளது. சூரியன் ஓர் இராசியிலிருந்து அடுத்த இராசிக்குள் நுழைவது சங்கிரமணம். அது ஒரு கணம். மாதத்தின் முதல் நாளோ ஒரு முழு நாள். சங்கிரமணம் சூரிய மறைவுக்கு முன் நிகழ்ந்தால் அன்றே மாதப்பிறப்பு, பின் நிகழ்ந்தால் மறுநாள் என்பது தமிழ் வழக்கம். மலையாள வழக்கில் எல்லை சூரிய மறைவன்று, பகற்பொழுதின் ஐந்தில் மூன்று பங்கு கழியும் நேரம். வங்க வழக்கில் நள்ளிரவு. ராபர்ட் சுவெல்லும் சங்கர பாலகிருஷ்ண தீட்சிதரும் 1896இல் வெளியிட்ட இந்திய நாட்காட்டி நூல் இவ்விதிகளை ஒருசேர விளக்குகிறது. சித்திரைச் சங்கிரமணம் பிற்பகலில் சூரிய மறைவுக்கு முன் நிகழும் ஆண்டுகளில், தமிழ்ப் புத்தாண்டு அன்றும் விஷு மறுநாளும் வருவதன் காரணம் இதுவே. கணம் ஒன்றுதான், அதை நாளாக்கும் விதி வேறு.

நாளின் தொடக்கம் பற்றிய கருத்து வேறுபாடு இந்திய வானியலில் பழையது. ஆரியபட்டர் ஓரிடத்தில் இலங்கை நெடுவரையின் நள்ளிரவையும் பிறிதோரிடத்தில் சூரிய உதயத்தையும் நாளின் தொடக்கமாகக் கூறியதாக வராகமிகிரர் குறித்துள்ளார். தமிழகத்தின் வாக்கியக் கணிதம், கலியுகத் தொடக்கமாகிய கி.மு. 3102 பிப்ரவரி 18 முதல் கழிந்த நாள்களின் எண்ணிக்கையைப் பெறுவதில் தொடங்குகிறது. சான் வாரன் சென்னையில் 1825இல் வெளியிட்ட காலசங்கலித நூல், சோழிகளைக் கொண்டு கிரகணம் கணித்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரின் முறையைப் பதிவுசெய்தது. எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை தம் அட்டவணைகளில் திதி முடியும் கணத்தை நாளின் பதின்மக் கூறாகத் தந்தார். முழு எண்ணும் பின்னமுமாகக் காலத்தை எழுதும் முறையில் அவ்வட்டவணைகளுக்கும் எஸ்க்யூஎல் சர்வருக்கும் வேறுபாடு மிகக் குறைவு. பின்னம் எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பதைப் பிள்ளை நூலின் தொடக்கத்திலேயே விளக்கினார். வினவல் மொழி அதைச் சொல்வதில்லை.

தனித் தரவினமும் அடைவும்

1992ஆம் ஆண்டின் எஸ்க்யூஎல் தரநிலை நாளுக்கு ஒன்று, நேரத்துக்கு ஒன்று, கணத்துக்கு ஒன்று, இடைவெளிக்கு ஒன்று எனத் தரவினங்களைப் பிரித்தது. கணத்தை நாளாக மாற்றும் வழியும் அதில் உண்டு. கருத்தளவில் சிக்கல் அன்றே தீர்ந்தது. ஆனால் ஏற்கெனவே கோடிக்கணக்கான பதிவுகளைத் தாங்கி நின்ற ஆரக்கிளின் டேட் தரவினம் மாறவில்லை. எஸ்க்யூஎல் சர்வர் தூய நாளுக்கான தரவினத்தைத் தந்தது 2008ஆம் ஆண்டுப் பதிப்பில், பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னரே.

நீக்குதலின் சுமை வேறொரு வகையிலும் உணரப்பட்டது. நூலின் இறுதியில் சொல்லடைவு அமைவது போலத் தரவுத்தளப் புலங்களுக்கு அடைவு அமைக்கப்படும். அடைவு கணங்களின் வரிசையில் இருக்கும். புலத்தின்மீது ஒரு செயற்கூற்றை ஏற்றிவிட்டால், வெட்டிய பின்னும் வரிசை மாறாது என்பதைக் கணினி அறியாது. எனவே அடைவைக் கைவிட்டு ஒவ்வொரு பதிவையும் எடுத்து வெட்டிப் பார்க்கும். அடைவால் தேடத்தக்க நிபந்தனை எது என்னும் பாகுபாடு, ஐபிஎம் நிறுவனத்தில் பெட்ரீசியா செலிங்கரும் உடன் ஆய்வாளரும் 1979இல் வெளியிட்ட கட்டுரையிலேயே உள்ளது. ஆரக்கிள் தன் 8ஐ பதிப்பில் செயற்கூற்றின் விடைக்கே அடைவு அமைக்க வழிசெய்தது. எஸ்க்யூஎல் சர்வர் 2008, நாளாக மாற்றும் செயலை ஒரு கால எல்லைத் தேடலாகத் தானே புரிந்துகொள்ளும் திறன் பெற்றது.

தேர்ந்தவர்கள் பரிந்துரைத்ததோ நேரத்தை நீக்காமலே வினவுவது: மார்ச் 12 நள்ளிரவு முதல், அதையும் உள்ளிட்டு, மார்ச் 13 நள்ளிரவுக்கு முன்வரை. தொடக்கம் உட்பட, முடிவு நீங்கலாக அமையும் இவ்வகை எல்லையே எண்வரிசைக்கு உகந்தது என்று எட்சர் டெய்க்ஸ்ட்ரா 1982இல் ஒரு குறிப்பில் வாதிட்டிருந்தார். 2011ஆம் ஆண்டின் எஸ்க்யூஎல் தரநிலை காலப்பகுதிகளுக்கு இந்த எல்லை முறையையே ஏற்றது. இதன் சிறப்பு விரைவு மட்டுமன்று. நாள் என்பது ஒரு புள்ளியன்று, இரு கணங்களுக்கு இடைப்பட்ட பரப்பு என்பதை இவ்வடிவம் வாய்விட்டுச் சொல்கிறது.

எந்த ஊரின் நாள்

யுனிக்ஸ் மரபில் கணம் என்பது 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளின் எண்ணிக்கை. அதை 86400ஆல் வகுத்து மீதியை விட்டுவிட்டால் நாள் கிடைக்கும். அது உலகப் பொது நேரத்தின் நாள். இந்திய நேரப்படி அந்நாள் காலை 5.30க்குத் தொடங்குகிறது, நள்ளிரவுக்கும் 5.30க்கும் இடையே பிறந்த குழந்தைக்கு இவ்வகை வினவல் முந்தைய நாளைப் பிறந்தநாளாகத் தரும். சென்னையில் ஆண்டு முழுவதும் சூரிய உதயம் 5.40க்கும் 6.40க்கும் இடையே நிகழ்கிறது. ஆகவே கவனக்குறைவால் எழும் இப்பிழை, நாள் உதயத்தில் தொடங்கும் என்ற பஞ்சாங்க வழக்கத்துக்கு ஏறக்குறைய ஒத்த விடையையே தருகிறது! நிரலாளர் பிழை என்று திருத்துவதைப் பஞ்சாங்கக் கணிதர் சரியென்று ஏற்கக்கூடும்.

போஸ்ட்கிரெஸ் இவ்வினாவை மறைக்காமல் முன்வைத்தது. நேர மண்டலம் அறிந்த கணத்தை நாளாக மாற்றி அவ்விடைக்கு அடைவு அமைக்க முயன்றால் அது மறுத்துவிடும். வினவுபவரின் இடத்தைப் பொறுத்து விடை மாறும் செயற்கூறு அடைவுக்கு ஏற்றதன்று என்பது காரணம். பயன்படுத்துவோர் எரிச்சலுற்ற இந்த மறுப்பு, வரலாற்று நோக்கில் நேர்மையானது. 2019இல் வந்த 12ஆம் பதிப்பில் வெட்டும் செயற்கூற்றிலேயே நேர மண்டலத்தைக் குறிப்பிட வழி ஏற்பட்டது.

இலங்கையின் நள்ளிரவுகள்

நேர மண்டலம் குறிக்கப்பட்டால் நள்ளிரவு உறுதியாகிவிடும் என்பதும் முழு உண்மையன்று. மின்தட்டுப்பாட்டை முன்னிட்டு இலங்கை அரசு 1996 மே 25 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. அக்டோபர் 26 அன்று அதில் அரை மணியைக் குறைத்தது. 2006 ஏப்ரல் 15 அன்று மீண்டும் பழைய ஐந்தரை மணி வேறுபாட்டுக்குத் திரும்பியது. கணினிகள் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவுத்தளத்தின்படி, மே 25 அன்று 0 மணி ஆகும்போதே கடிகாரம் 1 மணிக்குச் சென்றது. அந்நாளுக்கு நள்ளிரவே இல்லை. மற்ற இரு நாள்களிலும் 0.30 ஆனபோது கடிகாரம் 0 மணிக்குத் திரும்பியது. அந்நாள்களுக்கு நள்ளிரவு இரண்டு. நேரக்கூற்றை நீக்குவது என்பது அந்நாளின் நள்ளிரவைத் தருவது என்றால், முதலதற்கு விடை இல்லை. மற்றவற்றுக்கு விடை இரண்டு.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் இந்த நேரமாற்றம் ஏற்கப்படவில்லை. கொழும்பு ஆறு மணி வேறுபாட்டைப் பின்பற்றிய ஒன்பதரை ஆண்டுகளில், ஒவ்வோர் இரவும் அரை மணி நேரம் ஒரே தீவில் இரண்டு தேதிகள் நடப்பிலிருந்தன. வன்னியில் 10ஆம் தேதி இரவு 11.45 என்று எழுதப்பட்ட ஒரு பிறப்பை அல்லது இறப்பைக் கொழும்புக் கடிகாரம் 11ஆம் தேதி 0.15 என்று காட்டும். நேர மண்டலத் தரவுத்தளத்தில் இலங்கைக்கு 'ஆசியா/கொழும்பு' என்னும் ஒரே பெயர்தான் உண்டு. அக்கணத்தை உலகப் பொது நேரத்தில் சரியாகவே சேமித்து, பின்னர் அப்பெயரைக் கொண்டு நாளாக வெட்டினால், குடும்பத்தாரின் நினைவிலும் ஏட்டிலும் உள்ள நாள் மறைந்து வேறு நாள் வந்து நிற்கும். போர்க்கால ஆவணங்களைத் தொகுப்போர் எதிர்கொள்ள வேண்டிய இடர் இது. அங்கே நாள் என்பது கணத்திலிருந்து வருவிக்கப்பட்டதன்று, எழுதியவர் எழுதிவைத்த சான்று. அதை எழுதியவாறே தனிப் புலத்தில் காப்பதன்றி வேறு வழியில்லை.

கல்வெட்டின் நாள்

தமிழகக் கல்வெட்டுகளைத் தரவுத்தளமாக்குவோருக்கும் இது பொருந்தும். சோழர் கல்வெட்டுகள் பலவற்றில் ஆட்சியாண்டு, இராசி மாதம், பிறை, திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவை உள்ளன. எஃப். கீல்ஹார்ன் எபிகிராஃபியா இண்டிகாவில் வெளியிட்ட கணிப்புகள் முதல், இவற்றுள் கிழமையே மற்றவற்றைச் சரிபார்க்கும் உரைகல்லாக இருந்து வருகிறது. இவ்வாறு கணித்த நாளைக் கணத்துக்கான தரவினத்தில் இட்டால், கணினி 0 மணி 0 நிமிடம் 0 நொடி என்பதைத் தானே சேர்த்துக்கொள்ளும். நேரம் தெரியாது என்பதும் நள்ளிரவு என்பதும் அதன்பின் வேறுபடா. அதே தொகுப்பைப் பின்னர் கையாளும் ஆய்வாளர், இந்திய நேரத்திலிருந்து உலகப் பொது நேரத்துக்கு அதை மாற்றினால், கல்வெட்டுகளின் நாள் அனைத்தும் ஒன்று பின்தங்கி முந்தைய மாலை 6.30க்குச் செல்லும், வெட்டினால் முந்தைய நாள் மட்டும் எஞ்சும்.

கிரகண காலத்தில் வழங்கப்பட்ட கொடைகளில் இது கூர்மையடைகிறது. நள்ளிரவுக்குப் பின்னும் உதயத்துக்கு முன்னும் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின்போது அளிக்கப்பட்ட கொடையைக் கல்வெட்டு ஞாயிறு என்று குறித்திருந்தால், நள்ளிரவு எல்லையைக் கொண்ட தரவினம் அதைத் திங்கள் என்று காட்டும். கல்வெட்டில் பிழை என்றோ, பிற்காலப் போலி என்றோ முடிவுக்கு வர அது போதுமான காரணமாகத் தோன்றலாம். கல்வெட்டின் வாசகம், கணித்துப் பெற்ற முழு நாளெண், அந்நாள் உதயத்தில் தொடங்கியதா நள்ளிரவில் தொடங்கியதா என்னும் குறிப்பு ஆகிய மூன்றும் மூன்று புலங்களில் இருந்தால், அக்கொடை ஞாயிற்றுக்கிழமை இரவின் இறுதியில், விடிவதற்கு முன் அளிக்கப்பட்டது என்பதை அடுத்து வரும் ஆய்வாளர் வினவலாலேயே கண்டுகொள்ள இயலும்.